பியர் ரிவ்யூ மோசடியும் வாபஸ் ஆன மருத்துவக் கட்டுரைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். தீஸிஸ் எழுதும் பிஜி மாணவர்களுக்குக் கட்டுரை தேடிக் கொடுப்பது, அவர்கள் கொண்டுவரும் ரெஃபரன்ஸ் பட்டியலைச் சரிபார்ப்பது எல்லாம் என் வேலையில் வரும். ஒருமுறை ஒரு மாணவி அறுபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் கொண்ட பட்டியலோடு வந்தார். அதில் நான்கு கட்டுரைகள், வெளியிட்ட இடமே இனி நம்ப வேண்டாம் என்று ஏற்கெனவே திரும்பப் பெற்றவை, அதாவது வாபஸ் ஆனவை. அவருக்கும் தெரியவில்லை, அவருடைய கைடுக்கும் தெரியவில்லை. நான்கு அறிவிப்புகளிலும் கிட்டத்தட்ட ஒரே வாசகம், பியர் ரிவ்யூ, அதாவது வெளியிடும் முன் அதே துறையைச் சேர்ந்தவர்கள் படித்துப் பார்க்கும் சோதனை, நம்பத்தகுந்ததாக நடக்கவில்லை என்று. அன்றிலிருந்து மாணவர்களும் சில மருத்துவர்களும், வீட்டில் யாருக்காவது புற்றுநோய் வந்துவிட்டதால் இணையத்தில் கட்டுரை தேடுகிறவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளைக் குறித்து வைத்திருந்தேன். அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

பியர் ரிவ்யூ “காம்ப்ரமைஸ்” ஆகிவிட்டது என்று அறிவிப்பில் இருக்கிறது. அப்படியென்றால் என்ன?

கட்டுரையைப் படித்துப் பார்த்து “இதை வெளியிடலாம்” என்று சொன்னவர் உண்மையில் அந்த ஆளே இல்லை, அல்லது கட்டுரையாளர்களோடு சேர்ந்துகொண்டு சொல்லியிருக்கிறார் என்று பதிப்பகம் கண்டுபிடித்துவிட்டது என்று பொருள். சில இடங்களில் இதைச் “சமரசம்” என்று தமிழில் எழுதியிருப்பதைப் பார்த்தேன், அது ஆளைக் குழப்பும். இங்கே யாரும் யாரோடும் சமாதானம் ஆகவில்லை. வீட்டுக்கதவை யாரோ கள்ளச்சாவி போட்டுத் திறந்திருக்கிறார்கள், உள்ளே எது களவு போனது, எது அப்படியே இருக்கிறது என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும், அந்த மாதிரி நிலைமை.

சரி, ஒழுங்காக நடந்தால் பியர் ரிவ்யூ எப்படி இருக்கும்?

ஆய்விதழுக்கு ஒரு கட்டுரை வந்ததும் அதன் எடிட்டர் அதே துறையில் வேலை செய்கிற இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். பெரும்பாலும் இதற்குச் சம்பளம் கிடையாது, தன் வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கித்தான் படிக்கிறார்கள். நோயாளிகளின் எண்ணிக்கை போதுமா, ஒப்பிட எடுத்த குழு சரியானதா, கணக்கு சரியாகப் போடப்பட்டிருக்கிறதா, கையில் இருக்கிற தரவுக்கு மீறி முடிவில் ஏதாவது அளந்துவிட்டிருக்கிறார்களா என்று பார்த்து எழுதி அனுப்புவார்கள். வாரக்கணக்கில் ஆகும், சில சமயம் மாதக்கணக்கிலும். தமிழில் சக மதிப்பாய்வு என்கிறோம், ஆனால் கல்லூரியில் எல்லோரும் பியர் ரிவ்யூ என்றே சொல்வதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

இதில் எப்படி ஏமாற்ற முடியும்? எடிட்டர்தானே ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்?

ஓட்டை அங்கேதான் இருந்தது. கட்டுரையை அனுப்பும்போதே “இதைப் படிக்கத் தகுதியான சிலருடைய பெயரையும் மின்னஞ்சலையும் கொடுங்கள்” என்று பல ஆய்விதழ்கள் எழுதியவரிடமே கேட்டன. காரணம் நியாயமானதுதான். ரொம்பக் குறுகிய துறைகளில் விஷயம் தெரிந்தவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள், எடிட்டருக்கு அவர்களையெல்லாம் தெரிந்திருக்காது. ஆனால் கொடுத்த மின்னஞ்சல் உண்மையிலேயே அவருடையதுதானா என்று பார்க்கும் வழக்கம் இருக்கவில்லை.

இதை உலகத்துக்குத் தெரியவைத்த சம்பவம் தென் கொரியாவில் நடந்தது. ஹியுங்-இன் மூன் என்பவர் தாவரங்களிலிருந்து கிடைக்கும் மருந்துப் பொருள்களை ஆராய்ந்தவர். மதிப்பாய்வாளர்கள் என்று அவர் கொடுத்த பெயர்களில் சில உண்மையான விஞ்ஞானிகளுடையவை, சில கற்பனை. மின்னஞ்சல்கள் மட்டும் அவருக்கோ அவருக்கு வேண்டியவர்களுக்கோ போய்ச் சேரும்படி அமைக்கப்பட்டவை. தன் கட்டுரைக்குத் தானே மதிப்பாய்வு எழுதினார். சந்தேகம் வராமல் இருக்க இங்கே திருத்துங்கள், அங்கே சேருங்கள் என்று சின்னச் சின்னத் திருத்தங்களும் சொல்லியிருக்கிறார். எப்படி மாட்டினார் என்றால், மதிப்பாய்வுகள் ஒரே நாளுக்குள் திரும்பி வந்துகொண்டிருந்தன. எல்லா எடிட்டர்களும் நாலு தடவை நினைவூட்டல் அனுப்பிக் காத்திருக்கும் உலகத்தில் 24 மணி நேரத்தில் பதில் வந்தால் யாருக்கும் உறுத்தும். நொதித் தடுப்பான்களைப் பற்றிய ஆய்விதழ் ஒன்றின் எடிட்டர் கிளாடியு சுப்புரான் நேரடியாகக் கேட்டதும் மூன் ஒத்துக்கொண்டார். 2012-இல் இன்ஃபார்மா பதிப்பகத்தின் ஆய்விதழ்களிலிருந்து அவருடைய 28 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

இரண்டு வருடம் கழித்து, 2014 ஜூலையில், சேஜ் பதிப்பகம் அதிர்வியல் சம்பந்தப்பட்ட ஓர் ஆய்விதழிலிருந்து 60 கட்டுரைகளை ஒரே மூச்சில் வாபஸ் வாங்கியது. தைவானைச் சேர்ந்த ஓர் ஆய்வாளரை மையமாக வைத்து இயங்கிய வளையம் அது, அதில் சந்தேகத்துக்குரிய கணக்குகள் மட்டும் 130 வரை இருந்தன. சில கட்டுரைகளில் தைவான் கல்வி அமைச்சரின் பெயரும் இருந்தது. தனக்கு எதுவும் தெரியாது என்றுதான் அவர் சொன்னார், ஆனாலும் பதவி விலகினார். இது பொறியியல் விவகாரம், மருத்துவம் இல்லை. அதே சாவி மருத்துவத்தின் பூட்டுக்கும் பொருந்தியது என்பதால் சொல்கிறேன்.

இது தனி ஆள்கள் செய்த வேலையா, கூட்டமாகச் செய்ததா?

முதலில் தனி ஆள்கள். அப்புறம் வியாபாரமாகிவிட்டது. எனக்கு அதிகம் வலிக்கிற இடமும் இதுதான்.

2014 இறுதியில் பயோமெட் சென்ட்ரல் பதிப்பகம் தன்னிடம் வந்த சுமார் 50 கட்டுரைகளில் போலி மதிப்பாய்வாளர்கள் இருப்பதைக் கவனித்தது. பெயர்கள் உண்மையானவை, மின்னஞ்சல்கள் பொய். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஊர்கள், சம்பந்தமே இல்லாத தலைப்புகள், ஆனால் ஏமாற்றின விதம் மட்டும் ஒரே அச்சு. பின்னால் வெளி ஏஜென்சிகள் இருக்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. “ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுக்கிறோம், ஆய்விதழுக்கு அனுப்பியும் கொடுக்கிறோம்” என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்கள், அனுப்பும்போதே போலி மதிப்பாய்வாளர்களையும் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2015 மார்ச்சில் அந்தப் பதிப்பகம் 43 கட்டுரைகளை வாபஸ் வாங்கியது. அதே வருடம் ஆகஸ்டில் ஸ்பிரிங்கர் பதிப்பகம் 10 ஆய்விதழ்களிலிருந்து 64 கட்டுரைகளை எடுத்தது.

பெரிய இடி 2017 ஏப்ரலில் விழுந்தது. டியூமர் பயாலஜி என்ற புற்றுநோய் ஆய்விதழில் 2012 முதல் 2016 வரை வந்த 107 கட்டுரைகளை ஸ்பிரிங்கர் ஒரே நேரத்தில் திரும்பப் பெற்றது. கட்டுரையாளர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் சீனாவைச் சேர்ந்தவர்கள். இதற்குச் சில மாதங்கள் முன்பே, 2016 நவம்பரில், ஈரானைச் சேர்ந்தவர்களின் 58 கட்டுரைகளை ஸ்பிரிங்கரும் பயோமெட் சென்ட்ரலும் எடுத்திருந்தன, அதிலும் ஒரு பகுதி இதே ஆய்விதழில் வந்தவை. சீன அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகம் விசாரித்து 2017 ஜூலையில் முடிவைச் சொன்னது: 101 கட்டுரைகளில் மதிப்பாய்வு போலி, அதில் 95-க்கு அந்தப் போலி வேலையைச் செய்து கொடுத்தது வெளி ஏஜென்சி, 12 கட்டுரைகள் முழுதாகவே விலைக்கு வாங்கப்பட்டவை. 486 பேர் ஏதோ ஓர் அளவில் தவறு செய்தவர்கள் என்று முடிவானது.

2012-இல் வந்த ஒரு கட்டுரையை 2017-இல் எடுத்தால் நடுவில் ஐந்து வருடம். அந்த ஐந்து வருடமும் அதை யார் யார் படித்தார்கள், எந்தப் புற்றுநோய் மருத்துவர் எதை நினைவில் வைத்துக்கொண்டார் என்று யாராலும் கணக்கெடுக்க முடியாது.

மருத்துவர்கள் எதற்கு இப்படிச் செய்ய வேண்டும்?

சீனாவில் மருத்துவமனையில் வேலை பார்க்கிற, நாள் முழுக்க நோயாளிகளைப் பார்க்கிற மருத்துவருக்குக்கூடப் பதவி உயர்வு வேண்டுமென்றால் ஆங்கில ஆய்விதழில் கட்டுரை வேண்டும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. ஆய்வு செய்ய நேரம் கிடையாது, ஆய்வகம் கிடையாது, பயிற்சியும் கிடையாது, ஆனால் கட்டுரை மட்டும் வேண்டும். போதாததற்குக் கட்டுரைக்கு ரொக்கப் பரிசு கொடுக்கும் நிறுவனங்களும் இருந்தன. 2020 பிப்ரவரியில்தான் அந்த ரொக்கப் பரிசு முறையை நிறுத்தச் சொல்லி அரசு உத்தரவிட்டது. செய்தது தவறு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நல்ல அறுவை சிகிச்சை செய்கிற ஒருவரைக் கட்டுரை எண்ணிக்கையை வைத்து எடைபோட்டவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

நம் ஊரில்?

இங்கேயும் மருத்துவக் கல்லூரி ஆசிரியரின் பதவி உயர்வுக்குக் கட்டுரைகள் கணக்கில் வந்திருக்கின்றன, அந்த நெருக்கடியை நான் தினமும் பார்க்கிறேன். முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022 விதிகளில் எடுத்துவிட்டது. கல்வி நிறுவனங்களுக்கான 2025 என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் வாபஸ் ஆன கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கும் முறையும் வந்திருக்கிறது. இரண்டையும் வரவேற்கிறேன்.

ஹிந்தாவி என்று ஒரு பெயர் அடிக்கடி வருகிறதே?

என் மாணவியின் பட்டியலில் இருந்த நான்கில் மூன்று அங்கிருந்து வந்தவைதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹிந்தாவி 1997-இல் கெய்ரோவில் தொடங்கிய பதிப்பகம். யாரும் இலவசமாகப் படிக்கலாம், எழுதுகிறவர் கட்டணம் கட்ட வேண்டும், அதுதான் அவர்கள் முறை. 2021 ஜனவரியில் வைலி என்ற பெரிய அமெரிக்க நிறுவனம் 29.8 கோடி டாலருக்கு அதை வாங்கியது. ஹிந்தாவி ஆய்விதழ்களில் சிறப்பிதழ்கள் நிறைய வந்தன. ஒரு தலைப்பு, அதற்கு வெளியிலிருந்து ஒரு விருந்தினர் எடிட்டர், மதிப்பாய்வாளர்களைப் பிடிப்பதிலிருந்து ஏற்றுக்கொள்வது வரை அவர் பொறுப்பு. கட்டுரைத் தொழிற்சாலைகள், அதாவது காசுக்குக் கட்டுரை தயாரித்து விற்கிறவர்கள், இந்த வாசல் வழியாக நுழைந்தார்கள். மூன் காலத்தில் எடிட்டரை ஏமாற்ற வேண்டியிருந்தது. இங்கே விருந்தினர் எடிட்டர் என்ற நாற்காலியிலேயே தங்கள் ஆளை உட்கார வைத்துவிட்டால் ஏமாற்ற வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. ஒருவர் கட்டுரையை இன்னொருவர் படித்ததாகக் காட்டி ஏற்றுக்கொள்வது, பதிலுக்கு அவர் இவருடையதை ஏற்றுக்கொள்வது என்று வளையம் வளையமாக நடந்திருக்கிறது.

2022 செப்டம்பரில் 16 ஆய்விதழ்களிலிருந்து 511 கட்டுரைகளை எடுக்கப்போவதாக அறிவித்தார்கள். அது ஆரம்பம்தான். 2023-இல் மட்டும் ஹிந்தாவியில் வாபஸ் ஆனவை 8,000-க்கும் மேல். அந்த வருடம் உலகம் முழுக்க வாபஸ் ஆனவை முதன்முறையாகப் பத்தாயிரத்தைத் தாண்டியதற்கு இதுதான் முக்கியக் காரணம். மருத்துவத்தில் கணினி முறைகள், மாற்று மருத்துவம், புற்றுநோயியல், மருத்துவப் பொறியியல் என்று மருத்துவ மாணவர்கள் நேரடியாகத் தேடிப் போகும் ஆய்விதழ்கள் இதில் இருந்தன. 2023 மார்ச்சில், தரம் பார்த்து ஆய்விதழ்களைச் சேர்க்கும் வெப் ஆஃப் சயின்ஸ் பட்டியலிலிருந்து 19 ஹிந்தாவி ஆய்விதழ்கள் நீக்கப்பட்டன, அந்த வருட இறுதியில் ஹிந்தாவி என்ற பெயரையே விட்டுவிடுவதாக வைலி சொல்லிவிட்டது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு கட்டுரைக்கும் கட்டணம் வாங்கும் முறையில், கட்டுரை கூடக்கூடப் பதிப்பகத்தின் வருமானமும் கூடும். சிறப்பிதழ்களைச் சகட்டுமேனிக்குத் திறந்துவிட்டதில் அந்த ஆசைக்குப் பங்கு இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

யாரும் படிக்கவில்லை என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்?

தடயங்கள் இருக்கும். ஒரே கணினி முகவரியிலிருந்து எழுதியவரும் மதிப்பாய்வாளரும் உள்ளே வந்திருப்பார்கள். வேறு வேறு கட்டுரைகளுக்கு வார்த்தை மாறாமல் ஒரே மதிப்பாய்வு வந்திருக்கும். தலைப்புக்குத் துளியும் சம்பந்தமில்லாத கட்டுரைகளை மேற்கோள் காட்டியிருப்பார்கள்.

இன்னொரு தடயம் கட்டுரையிலேயே கிடக்கும். பிரான்சில் கிய்யோம் கபனாக் என்ற கணினி அறிவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2021-இல் இதை வெளிக்கொண்டு வந்தார்கள். மற்றவர் கட்டுரையைத் திருடுகிறவர்கள், திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் மாட்டாமல் இருக்க, ஒவ்வொரு சொல்லுக்கும் வேறு சொல் போடும் கருவியில் அதை ஓட்டி எடுக்கிறார்கள். அது கலைச்சொல் எது, சாதாரணச் சொல் எது என்று பார்க்காது. மார்பகப் புற்றுநோய் என்ற ஆங்கிலத் தொடர் “நெஞ்சு ஆபத்து” என்ற பொருள் வரும்படி மாறிவிடுகிறது. சிறுநீரகச் செயலிழப்பு “சிறுநீரக ஏமாற்றம்” ஆகிறது. செயற்கை நுண்ணறிவு “கள்ளப் பிரக்ஞை” ஆகிறது. இப்படி ஒரு தொடரை மருத்துவம் தெரிந்த ஒருவர் படித்திருந்தால் முதல் பக்கத்திலேயே நிறுத்தியிருப்பார். சிறுநீரகம் செயலிழந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு வருகிறவர்களைத் தினமும் வராந்தாவில் கடந்து போகிறேன். அவர்களுடைய நோயின் பெயரைக்கூட ஒருவரும் படித்துப் பார்க்காமல் ஒரு கட்டுரை அச்சேறியிருக்கிறது என்று தெரிந்த நாள் எனக்கு வேலையே ஓடவில்லை.

அப்படியானால் அந்தக் கட்டுரைகளில் உள்ள முடிவுகள் எல்லாம் பொய்யா?

அப்படிச் சொல்ல முடியாது. மதிப்பாய்வு போலி என்பது ஒன்று, தரவு போலி என்பது வேறொன்று. உண்மையாகவே ஆய்வு செய்துவிட்டு, ஏஜென்சியை நம்பி ஏமாந்தவர்களும் இருக்கலாம். சீன அமைச்சகத்தின் விசாரணையிலும் மதிப்பாய்வு போலி என்று முடிவான எல்லாக் கட்டுரைகளிலும் உள்ளடக்கமும் போலி என்று சொல்லவில்லை.

ஆனால் படிக்கிறவருக்கு அதனால் என்ன பயன்? நல்லது எது, கெட்டது எது என்று பிரித்துக் காட்டத்தான் பியர் ரிவ்யூ, அதுவே நடக்கவில்லை. மூடி திறந்த குளுக்கோஸ் பாட்டில் சுத்தமாகக்கூட இருக்கலாம், ஆனால் யாரும் அதை நோயாளிக்கு ஏற்ற மாட்டார்கள். ஆய்வு உண்மை என்று நம்புகிற கட்டுரையாளர் மூலத்தரவோடு வேறோர் ஆய்விதழுக்கு அனுப்பி, நேர்மையான மதிப்பாய்வுக்கு உட்படட்டும். அதுவரை அதை மேற்கோள் காட்டக் கூடாது என்பதுதான் மாணவர்களுக்கு நான் சொல்வது.

கட்டுரையில் பெயர் உள்ள எல்லோரும் குற்றவாளிகளா?

இல்லை. பெரும்பாலான வாபஸ் அறிவிப்புகள் யார் செய்தார்கள் என்று சொல்வதே இல்லை. ரத்தமாதிரி எடுத்துக் கொடுத்த இளம் மருத்துவர், புள்ளியியல் கணக்குப் போட்டுக் கொடுத்தவர், இவர்களுக்கு யார் எங்கே அனுப்பினார்கள் என்றுகூடத் தெரிந்திருக்காது. அவர்கள் பெயரும் சேர்ந்து கெடுகிறது. நூறு கட்டுரைக்கு ஒரே வாசகத்தை ஒட்டிப் போடுவதற்குப் பதிலாக, என்ன நடந்தது, யாருக்குத் தொடர்பு இருப்பதாகத் தெரிகிறது, யாருக்கு இல்லை என்று பதிப்பகங்கள் எழுத வேண்டும். சட்டப் பயத்தால் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்கான விலையை நிரபராதிகள் கொடுக்கிறார்கள்.

நோயாளிக்கு இதனால் நேரடியாக என்ன கெடுதல்?

ஒரு கட்டுரையைப் பார்த்து எந்த மருத்துவரும் மறுநாளே மருந்தை மாற்றுவதில்லை. கெடுதல் சுற்றி வரும். ஒரு சிகிச்சையைப் பற்றிய பல கட்டுரைகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டு ஒரே முடிவு சொல்லும் மெட்டா அனாலிசிஸ் என்ற ஆய்வு உண்டு. சிகிச்சை வழிகாட்டி எழுதுகிறவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். அந்தக் கணக்கில் பத்துக் கட்டுரைகள் சேர்ந்து, அதில் இரண்டு போலி என்றால் விடை கோணிப்போகும். பிறகு அந்த இரண்டும் வாபஸ் ஆனாலும் மெட்டா அனாலிசிஸ் தானாகத் திருந்தாது, யாராவது உட்கார்ந்து திரும்பக் கணக்குப் போட வேண்டும். பெரும்பாலும் யாரும் போடுவதில்லை.

இன்னொரு கெடுதல் வீட்டுக்குள் நடக்கிறது. ஒரு மூலிகைச் சாறு கட்டியைச் சுருக்கியது என்ற கட்டுரையின் பி.டி.எஃப். வாட்ஸாப்பில் வந்தது என்று ஒருவர் கைபேசியோடு என்னிடம் வந்தார். அம்மாவுக்குக் கீமோ வேண்டாம், இதையே கொடுக்கலாமா என்று கேட்டார். தேடிப் பார்த்தேன், அந்தக் கட்டுரை வாபஸ் ஆகியிருந்தது. அவர் கையில் இருந்தது அதற்கு முன்பே யாரோ இறக்கி வைத்த பிரதி, அதில் எந்த முத்திரையும் இல்லை. நான் மருத்துவர் இல்லை, இதைக் காட்டி உங்கள் டாக்டரிடமே கேளுங்கள் என்று அறிவிப்பையும் அச்செடுத்துக் கொடுத்தேன். கீமோவைத் தொடர்ந்தார்கள் என்று பிறகு சொன்னார்.

வாபஸ் ஆன கட்டுரையை ஏன் இணையத்திலிருந்து அழிப்பதில்லை?

அழித்தால் நடந்ததே தெரியாமல் போய்விடும். அதை நம்பி எழுதியவர்கள் எதை நம்பினார்கள் என்றும் பார்க்க முடியாது. அதனால் கட்டுரையை அங்கேயே வைத்து, பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே வாபஸ் முத்திரை போட்டு, காரணம் சொல்லும் அறிவிப்பைத் தனியாக வெளியிடுவதுதான் முறை. கோப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பதிப்பு நெறிமுறைக் குழு இதற்கு வழிகாட்டி வைத்திருக்கிறது. பியர் ரிவ்யூவில் மோசடி நடந்திருந்தால் அதுவே திரும்பப் பெறப் போதுமான காரணம் என்பதும் அதில் உண்டு.

நான் படிக்கும் கட்டுரை வாபஸ் ஆகிவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் கையில் இருக்கிற பி.டி.எஃப்.-ஐ நம்பாதீர்கள். பதிப்பகத்தின் பக்கத்துக்கே போய்ப் பாருங்கள், தலைப்புக்கு முன்னாலேயே வாபஸ் என்று போட்டிருப்பார்கள். பி.டி.எஃப்.-இல் கிராஸ்மார்க் என்ற நிலை காட்டும் பொத்தான் இருந்தால் அதை அழுத்தினாலும் இப்போதைய நிலை தெரியும். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் தேடினால் பக்கத்தின் மேலேயே அறிவிப்பு இருக்கும்.

அப்புறம் ரிட்ராக்‌ஷன் வாட்ச். ஐவன் ஒரான்ஸ்கி, ஆடம் மார்கஸ் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் 2010-இல் தொடங்கியது. வாபஸ் ஆன கட்டுரைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, காரணத்தோடு ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறார்கள். 2023-இல், கட்டுரைகளுக்கான அடையாள எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு அதை வாங்கி எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. டி.ஓ.ஐ. என்ற அந்தக் கட்டுரையின் அடையாள எண்ணைப் போட்டால் போதும். ஜோட்டேரோ என்ற இலவச ரெஃபரன்ஸ் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த வேலையும் மிச்சம், உங்கள் சேகரிப்பில் உள்ள கட்டுரை எதுவும் வாபஸ் ஆனால் அதுவே சிவப்பில் எச்சரிக்கும். தீஸிஸ் தொடங்கும் நாளிலேயே எல்லோரையும் இதைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன்.

ஏற்கெனவே மேற்கோள் காட்டிவிட்டேன், தீஸிஸும் கொடுத்தாகிவிட்டது. இப்போது என்ன செய்வது?

பதற வேண்டாம். நீங்கள் எழுதியபோது அது வாபஸ் ஆகியிருந்ததா என்று முதலில் தேதியைப் பாருங்கள். உங்கள் வாதம் அந்தக் கட்டுரையை நம்பித்தான் நிற்கிறதா, அல்லது போகிற போக்கில் சொன்னதா என்று பாருங்கள். போகிற போக்கில் சொன்னது என்றால் கைடிடம் சொல்லிவிட்டு, அதை ஆய்விதழுக்கு அனுப்பும்போது எடுத்துவிடுங்கள். வாதமே அதன் மேல் நிற்கிறது என்றால், அது இல்லாமல் திரும்பக் கணக்குப் போட்டுப் பாருங்கள், வெளியான கட்டுரையாக இருந்தால் எடிட்டருக்கு நீங்களே எழுதுங்கள். நேர்மையாகத் தவறைச் சொல்கிறவரை யாரும் மோசடிக்காரர் வரிசையில் வைக்க மாட்டார்கள். அந்த மாணவி நான்கில் மூன்றை எடுத்தார். நான்காவதை மட்டும் அது வாபஸ் ஆனது என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டே வைத்துக்கொண்டார், அதுவும் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான்.

பியர் ரிவ்யூ நேர்மையாக நடந்தால் தப்பே வராதா?

வரும். 2020 மே 22 அன்று லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழில், கோவிடுக்குக் கொடுக்கப்பட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து பற்றி வந்த கட்டுரை 671 மருத்துவமனைகளில் 96,032 கோவிட் நோயாளிகளின் தரவு என்று சொன்னது. அதைப் பார்த்து உலகச் சுகாதார நிறுவனம்கூடத் தன் பரிசோதனையில் அந்த மருந்தைக் கொடுக்கும் பகுதியைச் சில நாள் நிறுத்தி வைத்தது. அந்தத் தரவைக் கொடுத்த சர்ஜிஸ்ஃபியர் என்ற நிறுவனம் தன்னிடம் இருப்பதாகச் சொன்ன மூலத்தரவைச் சரிபார்க்கக் கொடுக்காததால் ஜூன் 4 அன்று கட்டுரை வாபஸ் ஆனது. அங்கே மதிப்பாய்வாளர்கள் உண்மையான ஆள்கள்தான். அவர்களுக்குக் காட்டப்பட்டது கட்டுரை மட்டும், அடியில் இருந்த தரவு இல்லை. ஆனால் அது வெளியே வந்த வேகத்தையும் பாருங்கள், இரண்டே வாரம். நிறைய கண்கள் பார்த்தன. டியூமர் பயாலஜியின் கட்டுரைகளுக்கு அந்தக் கண்கள் கிடைக்கவில்லை.

பதிப்பகங்கள் எதையாவது மாற்றியிருக்கின்றனவா?

மாற்றியிருக்கின்றன. மதிப்பாய்வாளர் பெயரைக் கட்டுரையாளரே சொல்லும் வசதியைப் பயோமெட் சென்ட்ரல் அப்போதே நிறுத்தியது. சொந்தப் பல்கலைக்கழக மின்னஞ்சல் இருந்தால்தான் மதிப்பாய்வாளராக ஏற்போம் என்று பல இடங்களில் இப்போது கேட்கிறார்கள், ஆர்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண்ணையும் பார்க்கிறார்கள். கட்டுரைத் தொழிற்சாலைச் சரக்கை மோப்பம் பிடிக்கும் மென்பொருள்களைப் பதிப்பகங்கள் ஒன்று சேர்ந்து பயன்படுத்துகின்றன. பல்கலைக்கழக மின்னஞ்சல் கட்டாயம் என்றால் ஏழை நாடுகளில் ஜிமெயிலை மட்டும் நம்பியிருக்கும் நல்ல ஆய்வாளர்கள் வெளியே தள்ளப்படுவார்களே என்ற கவலை எனக்கு உண்டு, அதற்கு நல்ல வழி இன்னும் வரவில்லை.

“கட்டுரையை நாங்களே வெளியிட்டுத் தருகிறோம், ஏற்பு உறுதி” என்று வாட்ஸாப்பில் செய்தி வந்திருக்கிறது. என்ன செய்வது?

பதில் போடாதீர்கள். ஆங்கிலத்தைத் திருத்தக் காசு கொடுப்பதில் தவறில்லை, ஆனால் ஆய்விதழின் உள்நுழைவுக் கணக்கையும் கடவுச்சொல்லையும் யாரிடமும் கொடுக்கக் கூடாது, அனுப்பும் வேலையை நீங்களே செய்யுங்கள். ஏற்பு உறுதி என்று எந்த நேர்மையான ஆளாலும் சொல்ல முடியாது, ஏனென்றால் முடிவு அவர் கையில் இல்லை. அந்தச் செய்தியைப் படம் பிடித்து உங்கள் கல்லூரியின் ஆய்வுக் குழுவுக்கு அனுப்புங்கள், அதில் எந்த ஆய்விதழின் பெயர் சொல்லப்பட்டிருக்கிறதோ அதன் எடிட்டருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை என்றால் உங்கள் கல்லூரி நூலகத்துக்குப் போய்க் கேளுங்கள், அங்கே என்னைப் போல் ஒருவர் இருப்பார்.